கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள்

அம்மாவுக்கு எழுபது வயது, இரண்டு முட்டியிலும் வலி. அக்கா மகனுக்கு ஏழு வயது, ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் நிற்க மாட்டான். இந்த இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேரும் “அடுத்து எப்போ?” என்று கேட்கும்படி திரும்பி வந்த இடம் கூந்தன்குளம். மலை ஏற வேண்டியதில்லை, ஜீப் பிடிக்க வேண்டியதில்லை. குளத்தங்கரையில் மெதுவாக நடந்தாலே போதும், கூழைக்கடா (பெலிகன்) கூடு கட்டியிருப்பதை வெறும் கண்ணால் பார்க்கலாம்.

வேறு ஊர்களில் சதுப்பு நிலத்துக்கு மேலே பலகை போட்டு நடைபாதை கட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊரில் அந்த வேலையைக் குளத்தின் கரை செய்கிறது. கரை மேடாக இருக்கும், சமமாக இருக்கும், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். தண்ணீரில் கால் வைக்காமல் இரண்டு உலகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். தாமிரபரணிப் பாசனத்திலும் மானாவாரிப் பக்கத்திலும் இப்படி நூற்றுக்கணக்கான குளங்கள் இருக்கின்றன. அதில் முதலில் பார்க்க வேண்டியது கூந்தன்குளம்தான்.

கூந்தன்குளம் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி தாலுகாவில் இருக்கிறது. கூந்தன்குளம், காடன்குளம் என்று இரண்டு பாசனக் குளங்களும் சேர்ந்து சுமார் 129 ஹெக்டேர். 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்ததாக 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஆனால் பறவைகளுக்கு இந்தச் சட்டமெல்லாம் வருவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்னாலேயே ஊர்க்காரர்கள் காவல் இருந்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பறவைகள் குளத்து மரங்களில் மட்டும் கூடு கட்டுவதில்லை, ஊருக்குள் தெருவோரத்து வேம்பிலும் புளியிலும், வீட்டுக் கொல்லையிலும் கட்டுகின்றன. கீழே துணி காயப்போட முடியாது, மீன் வாடை அடிக்கும், விடிய விடிய சத்தம். அதை எல்லாம் பொறுத்துக்கொண்டு ஒரு ஊர் வாழ்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

காலண்டரைப் பார்க்காதீர்கள், குளத்தைப் பாருங்கள்

போகத் திட்டமிடும் பலரும் செய்கிற முதல் தவறு, “டிசம்பர் முதல் ஜூன் வரை சீசன்” என்று எங்கேயோ படித்துவிட்டு லீவு கிடைத்த நாளில் கிளம்பிவிடுவது. நானும் முதல் தடவை அப்படித்தான் கிளம்பினேன். அந்த வருடம் மழை பொய்த்துப் போயிருந்தது, குளத்து நடுவில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற ஒரு பெரியவர், “அண்ணாச்சி, குளம் பெருகாம பறவ எப்படி வரும்? வெள்ளம் வரட்டும், அதுவும் வரும்” என்றார். (நம்ம ஊரில் குளத்துக்குத் தண்ணீர் வருவதையும் வெள்ளம் என்றுதான் சொல்வார்கள், வெளியூர்க்காரர்கள் பயந்துவிட வேண்டாம்.) அந்த ஒரு வாக்கியத்தில் முழு விஷயமும் இருக்கிறது.

இது பாசனக் குளம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்ய வேண்டும், மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து சேர வேண்டும். பிசான நெல் (மழைக்காலத்தில் நடுகிற போகம்) விளைவதும் பறவை குஞ்சு பொரிப்பதும் அந்த ஒரே தண்ணீரை நம்பித்தான். குளம் நிறைந்தால் மீன் பெருகும். அதன்பிறகு தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் குறுகிய இடத்தில் நெருக்கமாகச் சேரும், பிடிப்பது சுலபமாகும். அந்த நேரத்தில் குஞ்சுக்குப் பசி உச்சத்தில் இருக்கும்படி நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும் காலத்தைப் பொருத்திக்கொள்கின்றன.

அதனால் நல்ல மழை பெய்த வருடத்தில் எந்த மாதம் என்ன பார்க்கலாம் என்று நான் கண்டதைச் சொல்கிறேன். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வலசை வாத்துகள் நிறைய இருக்கும், கூடு கட்டும் வேலையும் ஆரம்பித்திருக்கும். பிப்ரவரி, மார்ச் இரண்டும்தான் என் தேர்வு: வாத்துகள் இன்னும் கிளம்பியிருக்காது, கூட்டில் குஞ்சுகள் தலை நீட்டும், கரையோரம் தண்ணீர் குறைந்து சேறு தெரிய ஆரம்பிப்பதால் உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைகளும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும் இறங்கும். ஏப்ரல், மே மாதத்தில் வெயில் கொளுத்தும், ஆனால் பெரிய குஞ்சுகள் கிளையில் நின்று சிறகை அடித்துப் பழகுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அதுதான் சரியான நேரம். ஜூலைக்கு மேல் போக வேண்டாம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நாங்குநேரியிலோ மூலைக்கரைப்பட்டியிலோ சொந்தக்காரர், கூட வேலை பார்ப்பவர் யாராவது இருந்தால் போன் போட்டு, “குளத்துல எவ்வளவு தண்ணி கிடக்கு?” என்று கேளுங்கள். மறுகால் பாய்ந்த வருடமா, அதாவது குளம் நிறைந்து உபரித் தண்ணீர் வெளியேறிய வருடமா என்றும் கேளுங்கள். மறுகால் பாய்ந்திருந்தால் மார்ச் முடிய கவலை இல்லை.

வீட்டுப் பக்கத்துக் குளத்தில் ஒரு ஒத்திகை

பைனாகுலரை முதன்முதலாகக் கூந்தன்குளத்தில் வைத்துப் பிரிக்காதீர்கள். திருநெல்வேலி டவுனில் இருப்பவர்களுக்கு நயினார்குளம் இருக்கிறது. காலை ஆறரைக்கு அங்கே போய் அரைமணி நேரம் நின்று பாருங்கள். முக்குளிப்பான், நீர்க்காகம், மடையான், நீலத் தாழைக்கோழி எல்லாம் அங்கேயே பழகிவிடும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் அதில் இரண்டு எண் இருக்கும். 8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு எட்டு மடங்கு போதும். பத்து, பன்னிரண்டு என்று போனால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், பிள்ளைகளும் வயதானவர்களும் பறவையைக் கண்ணாடிக்குள் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். கடைக்காரர் இருபது மடங்கு என்று ஆசை காட்டினால் வாங்காதீர்கள்.

பைனாகுலரைச் சரிசெய்யும் முறை பலருக்குத் தெரியாமல் கண் வலிக்கிறது என்று வைத்துவிடுகிறார்கள். முதலில் இரண்டு குழாயையும் மடக்கியோ விரித்தோ உங்கள் கண் இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும். அப்புறம் வலது கண்ணை மூடிக்கொண்டு நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பி, தூரத்தில் ஒரு போர்டு எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண் வைக்கும் இடத்தில் இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான். இனி நடுச் சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். பறவையைத் தேடும்போது கண்ணை அதன் மேலேயே வைத்துக்கொண்டு பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும், குனிந்து கருவியைப் பார்த்தால் பறவை தொலைந்தது.

பைனாகுலர் இல்லை என்றாலும் போகலாம். கூடுகள் கரைக்கும் தெருவுக்கும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

பையில் என்ன, உடம்பில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தொப்பி. மங்கலான நிறத்தில் சட்டை, பச்சையோ காக்கியோ பழுப்போ எதுவாக இருந்தாலும் சரி, பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். செருப்புக்குப் பதில் ஷூ, ஏனென்றால் கரையில் உடை முள் கிடக்கும், புல் மறைவில் பாம்பும் இருக்கும். வயதானவர்களுக்கு மடக்கி எடுத்துப் போகும் சின்ன நாற்காலி ஒன்று. அம்மாவுக்கு அந்த நாற்காலி இல்லாமல் இந்தப் பயணமே இல்லை. சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் பொடி தடவிய இட்லியை வாழை இலையில் மடித்து எடுத்துப் போவோம், சாப்பிட்டு முடித்த இலையும் பையிலேயே திரும்பி வரும். கழிப்பறைக்கு மூலைக்கரைப்பட்டியிலோ நாங்குநேரியிலோ வண்டியை நிறுத்திப் போய்விட்டு வருவது நல்லது, குறிப்பாகப் பெண்களும் பிள்ளைகளும்.

வழியும் நேரமும்

திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டி ரோட்டைப் பிடித்து, மூலைக்கரைப்பட்டி தாண்டித் தெற்கே போனால் ஊர் வந்துவிடும். நாகர்கோவில், வள்ளியூர் பக்கமிருந்து வருகிறவர்கள் நாங்குநேரி வந்து கிழக்கே திரும்ப வேண்டும். பஸ்ஸில் என்றால் மூலைக்கரைப்பட்டி வரை வந்து, அங்கிருந்து ஊர் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம்.

ஜனவரியில் நம் பக்கம் ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும், மே மாதம் ஆறு மணிக்கே உதித்துவிடும். சூரியன் எழும்போது நீங்கள் கரையில் நிற்க வேண்டும். ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும். ஒன்பதரைக்கு மேல் பார்க்கிறதெல்லாம் உறங்குகிற பறவைதான், கானல் வேறு அலைபாய்ந்து பைனாகுலரில் எல்லாம் நெளிந்து தெரியும். மதியம் வந்து பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது, அதே மரத்தில் காலையில் நடந்த கூத்து அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

வெளிச்சத்துக்கு ஒரே விதி: சூரியன் உங்கள் முதுகில் இருக்க வேண்டும். காலையில் குளத்தின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மேற்குப் பக்கம் நின்று கிழக்கே பாருங்கள். எதிர்வெயிலில் பார்த்தால் நாரையும் கருப்பு, காக்காயும் கருப்பு.

ஊருக்குள் நுழையும்போது

ஊர் எல்லையிலேயே ஹாரனை மறந்துவிடுங்கள். பாட்டை நிறுத்துங்கள். வண்டிக் கதவை அறையாமல் சாத்துங்கள். பிறகு உடனே கரைக்கு ஓடாமல் தெருவில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தலைக்கு மேலே வேப்பமரத்தில் கூடு இருக்கும், கீழே வெள்ளை வெள்ளையாக எச்சம் கோலம் போட்டிருக்கும், அதன் பக்கத்திலேயே ஒரு ஆச்சி வாசல் தெளித்துக்கொண்டிருப்பார். ஒருமுறை எங்கள் பையன் மரத்தைப் பார்த்துக் கத்திவிட்டான். “ஏ மக்கா, சத்தம் போடாதய்யா, குஞ்சு பயந்து கீழ விழுந்துரும்” என்று ஒரு ஆச்சி சொன்னார். அதட்டவில்லை. அன்றைக்கு முழுவதும் அவன் கிசுகிசுத்துத்தான் பேசினான், நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

அந்த எச்சம் வீண் போவதில்லை. குளத்துத் தண்ணீரில் கலந்து மடை வழியாக வயலுக்குப் போகிறது, கோடையில் குளம் வற்றியதும் அடியில் படிந்த கரம்பையை எடுத்து வயலில் போடுகிறார்கள். பறவையை ஊர் காக்கிறது, பறவை வயலுக்கு உரம் போடுகிறது. வீட்டு வாசலில் நின்று படம் எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் அவர்களே நல்ல கூடு எது என்று காட்டித் தருவார்கள்.

கரையில் நடப்பது எப்படி

நடக்கிற தூரத்தைக் குறைத்து நிற்கிற நேரத்தைக் கூட்டுங்கள். மொத்தம் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் தாராளம், அதற்கு மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது அடி நடங்கள், நில்லுங்கள், பத்து நிமிடம் பாருங்கள். நின்ற முதல் இரண்டு நிமிடத்தில் எதுவும் இல்லாதது போலத் தோன்றும். அதன்பிறகுதான் தாமரை இலைக்கு நடுவில் இலைக்கோழி நடப்பதும், தண்ணீருக்கு மேல் கழுத்து மட்டும் பாம்பு போல நீண்டு போவது பாம்புத்தாரா என்பதும் கண்ணுக்குப் பிடிபடும். நடக்க முடியாதவர்களை வண்டிக்குள்ளேயே உட்கார வைத்து ரோட்டோரம் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், மனிதர்கள் இறங்கி நடந்தால் மிரள்கிற அளவுக்கு நிற்கிற வண்டியைப் பறவைகள் கண்டுகொள்வதில்லை. பார்வைக் கோபுரம் இருக்கிறது, ஏற முடிந்தவர்கள் ஏறினால் குளம் முழுவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது கரைதான், கண் மட்டத்தில் பார்க்கிற சுகம் மேலே இருந்து கிடைக்காது.

குளத்தை நான்கு பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

முதலில் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்கள். இங்கேதான் கூடுகள். உருவத்தில் பெரியது கூழைக்கடா, சாம்பல் வெள்ளை நிறம், அலகுக்குக் கீழே பை. சிறகை விரித்தால் ஏழெட்டு அடி. மூன்று நான்கு முட்டை இட்டு ஒரு மாதம் போல அடைகாக்கும். குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை முழுசாக நுழைத்து மீனை எடுக்கும், முதல்முறை பார்க்கிறவர்கள் தாய் குஞ்சை விழுங்குகிறது என்று பதறுவார்கள். அதே மரத்தில் பக்கத்துக் கிளையில் மஞ்சள்மூக்கு நாரை இருக்கும்: நீண்ட மஞ்சள் அலகு, ஆரஞ்சு நிறத்தில் முடியில்லாத முகம், முதுகின் பின்பக்கம் ரோஜா நிறத்தில் சில இறகுகள். உடன் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் குடியிருக்கும். எந்த மரம் யாருக்கு, எந்தக் கிளை யாருக்கு என்று அவற்றுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, ஒரே மரத்தை அரைமணி நேரம் பார்த்தால் உங்களுக்கும் பிடிபடும்.

இரண்டாவது, ஆழமான திறந்த தண்ணீர். இங்கே வாத்துகளும் நாமக்கோழிகளும் மிதக்கும். ஊசி போல வால் நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து, அலகு கரண்டி மாதிரி தட்டையாக இருந்தால் தட்டைவாயன். உடம்பெல்லாம் கருப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை என்றால் நாமக்கோழி, பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் பெயர் இதுதான். தலையில் இரண்டு கருப்புப் பட்டை போட்ட சாம்பல் நிற வாத்துக் கூட்டம் தெரிந்தால் சத்தம் போடாமல் எல்லாரையும் கூப்பிடுங்கள், அது வரித்தலை வாத்து. லடாக், திபெத், மங்கோலியா பக்கத்து உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கு மேல் அது பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்து நாங்குநேரி வயலில் புல் மேய்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

மூன்றாவது, தண்ணீர் வடிந்த சேற்று ஓரம். பவளக்காலி சிவப்புக் குச்சிக் காலில் நடக்கும், சின்னச் சின்ன உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும். இந்தச் சின்னவற்றின் பெயரைப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம், முதல் பயணத்தில் “உள்ளான்” என்று சொல்லிவிட்டு நகருங்கள். பூநாரை வந்திருந்தால் இந்த ஆழம் குறைந்த தண்ணீரில்தான் நிற்கும். வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து சேற்றை வடிகட்டிச் சாப்பிடுவதைக் கவனியுங்கள்.

நான்காவதை எல்லாரும் முதுகுக்குப் பின்னால் விட்டுவிடுகிறார்கள்: கரையின் மறுபக்கத்து வயல். அங்கே கொக்குகள். அலகு கருப்பு, கால்விரல் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு, அலகு மஞ்சளாக மாட்டின் பின்னால் திரிந்தால் உண்ணிக்கொக்கு, மண் நிறத்தில் குந்தியிருந்து பறக்கும்போது மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் மடையான். மின்கம்பியில் பனங்காடை, பஞ்சுருட்டான். மேலே சேற்றுப்பூனைப் பருந்து தாழப் பறந்து வந்தால் குளத்து வாத்துகள் மொத்தமாகக் கிளம்பும், அந்தச் சத்தம் மழை வருவது போல இருக்கும்.

இத்தனை பெயரும் ஒரே நாளில் வேண்டாம். பத்துப் பறவை உறுதியாகத் தெரிந்தால் போதும்.

அம்மா கண்டுபிடித்தது

ஒரு பிப்ரவரிக் காலை. பையனும் நானும் வாத்துக் கூட்டத்தைத் தேடி நடந்துவிட்டோம், அம்மா நாற்காலியில் ஒரே இடத்தில் இருந்தார். திரும்பி வந்தபோது, “அந்த நாரை மீனையே பார்க்கலப்பா, வாயைத் திறந்து தண்ணிக்குள்ள வச்சிட்டு சும்மா நடக்குது” என்றார். சரிதான். மஞ்சள்மூக்கு நாரை கலங்கிய தண்ணீரில் கண்ணை நம்புவதில்லை. அலகை லேசாகத் திறந்து தண்ணீருக்குள் விட்டு, பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே நடக்கும், ஒரு காலால் சேற்றைக் கிளறும், சில நேரம் ஒரு சிறகைப் பட்டென்று விரித்து மீனைக் கலைக்கும். மீன் அலகில் பட்ட அந்த நொடியில் மூடிவிடும். நான் அத்தனை வருடம் போய் கவனிக்காததை, முட்டிவலியால் ஒரே இடத்தில் இருந்த அம்மா முக்கால் மணி நேரத்தில் கவனித்துவிட்டார். அன்றிலிருந்து நானும் ஒரு நாற்காலி எடுத்துப் போகிறேன்.

செய்யக் கூடாதவை

கூட்டுப் பறவையை எழுப்பக் கூடாது. இதுதான் எல்லாவற்றுக்கும் மேல். தாய்ப்பறவை எழுந்து போன அரை நிமிடத்தில் காக்கா முட்டையைத் தூக்கிவிடும். மதிய வெயிலில் தாய் சிறகை விரித்து நிற்பது அழகுக்கு அல்ல, கீழே இருக்கும் குஞ்சுக்கு நிழல். அந்த நேரத்தில் அதை விரட்டினால் குஞ்சு வெயிலில் வாடும். எவ்வளவு கிட்டே போகலாம் என்பதைப் பறவையே சொல்லும்: சாப்பிடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள், உடம்பைக் குறுக்கிக் காலை மடக்கினால் இரண்டு அடி பின்னால் வாருங்கள்.

பிளாஷ் வேண்டாம், போனில் பறவைக் குரல் போட்டுக் கூப்பிடுவது வேண்டாம், கல்லெறிந்து பறக்க விட்டுப் படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். ட்ரோன் கொண்டுவராதீர்கள், அது சரணாலயம், அதோடு அதே தாலுகாவில் விஜயநாராயணத்தில் கடற்படைத் தளமும் இருக்கிறது. பொரியோ பிஸ்கட்டோ போடாதீர்கள். கீழே விழுந்த குஞ்சைப் பார்த்தால் நீங்களே தூக்கிக் கூட்டில் வைக்க முயற்சி செய்யாமல் வனத்துறை ஆட்களிடமோ ஊர்க்காரர்களிடமோ சொல்லுங்கள், அவர்களுக்குக் கை பழகியிருக்கிறது.

கணக்கும் குறிப்பும்

ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தேதி, நேரம், தண்ணீர் எவ்வளவு, எந்தப் பறவை ஏறத்தாழ எத்தனை. எண்ணும் முறை சுலபம்: முதலில் பத்துப் பறவையை எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அதே அளவு கூட்டத்தில் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) செயலியில் அந்தக் கணக்கை ஏற்றினால் ஆராய்ச்சிக்கும் பயன்படும். ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டி பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், யார் வேண்டுமானாலும் சேரலாம். மணிமுத்தாற்றில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறது, அதில் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒருமுறை அனுபவசாலிகளோடு ஒரு குளத்தில் நின்றால் தனியாகப் பத்து முறை போனதற்குச் சமம்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்

வீரவநல்லூர் பக்கம் திருப்புடைமருதூர் போங்கள். கடனாநதி வந்து தாமிரபரணியில் சேரும் இடம், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி நிற்கும் பழைய மருத மரங்களிலும் இலுப்பையிலும் பறவைகள் கூடு கட்டும். 2005-ல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள், பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. படித்துறையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், நடக்கவே முடியாதவர்களுக்கு இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியாது. மான் பார்க்கப் பிள்ளைகள் அடம்பிடித்தால் கங்கைகொண்டானில் 2013-ல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது.

ஆனால் கூந்தன்குளத்துக்கு வந்த அன்றைக்கு வேறு எங்கும் ஓடாமல், நிழலில் படுத்து எழுந்துவிட்டு மாலையையும் அங்கேயே கழியுங்கள் என்பேன். பிப்ரவரிக்கு மேல் என்றால் வழியில் பனையடியில் பதநீர் கிடைக்கும், மதியத்துக்கு அது போதும். ஐந்தரைக்கு மறுபடி கரைக்கு வாருங்கள். கொக்குகள் வரிசை வரிசையாக வந்து மரத்தில் அடையும், அவை அடங்கும் நேரத்தில் பகலெல்லாம் உறங்கிய வக்கா “க்வாக்” என்று ஒற்றைக் குரல் கொடுத்துவிட்டு வேட்டைக்குக் கிளம்பும். வெளிச்சம் மங்கியதும் வரித்தலை வாத்துகள் தண்ணீரை விட்டு எழும்பி, கரைக்கு மேலாகத் தாழப் பறந்து, உங்கள் தலையைத் தாண்டி வயலுக்குப் போகும், சிறகடிக்கிற காற்றுச் சத்தம்கூடக் கேட்கும். அதைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். பஸ்ஸில் வந்தவர்கள் மூலைக்கரைப்பட்டிக்குத் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இருட்டிய பிறகு அங்கே ஆட்டோ பிடிப்பது சிரமம்.